இயந்திரத்துக்கு முன் இயன்முறை வரட்டும்

பக்கவாதத்தால் தாக்கப்பட்டவரின் உயிரைக் காப்பதற்கான மருத்துவம் கடந்த கால் நூற்றாண்டில் இந்தியாவில் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியிருக்கிறது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்ற செய்தி பெருநகரங்களைத் தாண்டியும் ஓரளவு பரவிவிட்டது. ஆனால், பிழைத்தவர் வீடு திரும்பிய பின் அவரது கையும் காலும் மீண்டும் இயங்குவதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மத்திய அரசிடமும் பெரும்பாலான மாநில அரசுகளிடமும் தெளிவான விடை இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் புதியதொரு நம்பிக்கை நுழைந்திருக்கிறது. மண்டையோட்டைத் திறக்காமல், ஊசியும் குத்தாமல், காந்த அலைகளையோ மெல்லிய மின்னோட்டத்தையோ செலுத்தி மூளையைத் தூண்டும் சிகிச்சை அது. பெருநகரங்களில் தனியார் மையங்கள் பல இதை விளம்பரப்படுத்தி வருகின்றன. செயலிழந்த கை மீண்டும் அசையும் என்ற எதிர்பார்ப்போடு குடும்பங்கள் அங்கே செல்கின்றன. அவை எதை நம்பிப் பணம் கட்டுகின்றன, அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது, அரசு இதில் என்ன செய்ய வேண்டும் என்பவை வெறும் மருத்துவக் கேள்விகள் அல்ல. நாடாளுமன்றம் விவாதிக்க வேண்டிய கேள்விகள்.

பிழைத்தவர்களின் கணக்கு

2019-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் பக்கவாதத்தால் 6.99 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்று நோய்ச்சுமை குறித்த சர்வதேச ஆய்வு மதிப்பிட்டது. நாட்டில் அந்த ஆண்டு நிகழ்ந்த மொத்த மரணங்களில் இது 7.4 சதவீதம். உயிரிழந்தோரின் கணக்கு இப்படி அவ்வப்போது வெளியாகிறது. பிழைத்தவர்களில் எத்தனை பேர் மீண்டும் தாமாகவே சட்டை அணிகிறார்கள், எத்தனை பேர் வேலைக்குத் திரும்புகிறார்கள், எத்தனை பேருக்காக வீட்டில் ஒருவர் தமது வேலையை விட்டார் என்ற கணக்கு அரசு அறிக்கைகளில் அரிதாகவே தென்படுகிறது.

பக்கவாதம் முதியோர் நோய் என்ற எண்ணமும் இந்த அலட்சியத்துக்கு ஒரு காரணம். உண்மையில் உழைக்கும் வயதில் உள்ளவர்களும் பெருமளவில் இதற்கு ஆளாகிறார்கள். லாரி ஓட்டுபவரின் வலது கை செயலிழந்தால், தையல் தொழிலாளியின் விரல்கள் மடங்க மறுத்தால், அந்தக் குடும்பத்தின் வருமானமே நின்றுவிடுகிறது. அங்கே விரல்கள் அசைவது என்பது உடல்நலத்தோடு நிற்பதல்ல. அடுத்த மாத வாடகை பற்றியது.

காந்தமும் மின்னோட்டமும்

இந்தச் சிகிச்சையில் இரு முறைகள் முதன்மையானவை. ஒன்று, காந்தத் தூண்டல். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோனி பார்க்கரும் அவரது குழுவினரும் 1985-ம் ஆண்டில் இதைச் செய்து காட்டினர். தலைமீது வைக்கப்படும் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்து நிற்கும் கண நேரத்தில், எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் உள்ளதற்கு நிகரான காந்தப்புலம் தோன்றி மறைகிறது. அது மண்டையோட்டை ஊடுருவி, கீழே உள்ள நரம்பணுக்களில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. கை அசைவை ஆளும் பகுதிக்கு மேலே சுருளை வைத்தால், நோயாளி விரும்பாமலேயே அவரது விரல் துடிக்கிறது.

மற்றொன்று, நேர்மின்னோட்டத் தூண்டல். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்சே, வால்டர் பவுலஸ் ஆகியோர் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புத்துயிர் அளித்தது. ஈரப் பஞ்சு பொதிந்த இரு மின்முனைகளைத் தலையில் பொருத்தி ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் சுமார் 20 நிமிடங்கள் செலுத்தப்படுகிறது. இது நரம்பணுக்களை நேரடியாக இயக்குவதில்லை. அவை எளிதில் இயங்கக்கூடிய நிலையை மட்டும் உருவாக்குகிறது. காந்தக் கருவியோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகக் குறைவு. கையில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சிறியது.

பக்கவாத நோயாளிக்கு இவை உதவக்கூடும் என்ற எண்ணத்துக்கு அடிப்படையாக ஒரு கோட்பாடு உள்ளது. மூளையின் வலது, இடது பகுதிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்திச் சமநிலையில் வைத்திருக்கின்றன. ஒரு பகுதி பாதிக்கப்பட்டதும் அந்தச் சமநிலை குலைகிறது. நலமாக உள்ள பகுதி, பாதிக்கப்பட்ட பகுதியை அளவுக்கு மீறி அடக்குகிறது. எனவே நலமான பகுதியின் மீது நொடிக்கு ஒரு முறை என்ற மெதுவான காந்தத் துடிப்புகளைச் செலுத்தி அதன் வேகத்தைத் தணிக்கலாம். அல்லது பாதிக்கப்பட்ட பகுதியின் மீது நொடிக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட துடிப்புகளைச் செலுத்தி அதை ஊக்கலாம். கேட்பதற்கு எளிதாகவும் ஏற்கத்தக்கதாகவும் இருக்கிற இந்தக் கோட்பாடு எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாது என்பதை ஆய்வாளர்கள் பின்னர் கண்டனர். பாதிப்பு கடுமையாக உள்ளவர்களுக்கு நலமான பகுதி தடையாக இல்லாமல் துணையாகவும் இருக்கக்கூடும். அவர்களிடம் அதை அடக்குவது எதிர் விளைவைத் தரலாம்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

சிறிய ஆய்வுகள் பல நம்பிக்கை ஊட்டின. அவற்றின் அடிப்படையில் ஐரோப்பிய நிபுணர் குழு 2020-ம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், பக்கவாதம் தாக்கிச் சில வாரங்கள் கடந்த நிலையில் உள்ளவர்களின் கை இயக்கத்துக்கு, நலமான பகுதி மீதான மெதுவான காந்தத் தூண்டல் பயன் தரும் என்று உயர்ந்தபட்ச ஆதார நிலையை வழங்கியது. இதை மறைத்துவிட்டு இந்தச் சிகிச்சையை மோசடி என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

ஆனால், பெரிய ஆய்வுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. அமெரிக்காவின் 12 மையங்களில் 199 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2018-ம் ஆண்டில் வெளியானது. அவர்களுக்குப் பக்கவாதம் வந்து மூன்று முதல் 12 மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு குழுவினருக்கு உண்மையான காந்தத் தூண்டலும் மற்றொரு குழுவினருக்குப் போலியான தூண்டலும் அளிக்கப்பட்டன. இரு குழுவினருக்கும் முறையான கைப் பயிற்சி தரப்பட்டது. ஆறு மாதங்களுக்குப் பின் அளந்தபோது, உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 67 சதவீதத்தினரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. போலியான தூண்டல் பெற்றவர்களிலோ 65 சதவீதத்தினரிடம் அதே முன்னேற்றம் காணப்பட்டது.

மின்னோட்டத் தூண்டலின் நிலையும் ஏறக்குறைய இதுவே. 2020-ம் ஆண்டில் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 67 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் ஓரளவு பயன் இருக்கலாம் என்றது. எனினும், ஆதாரங்களின் தரம் மிகத் தாழ்ந்ததிலிருந்து நடுத்தரம் வரையே உள்ளது என எச்சரித்தது. 2025-ம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வெளியான மற்றோர் ஆய்வில் 129 பேர் பங்கேற்றனர். தீவிரக் கைப் பயிற்சியோடு இரண்டு மில்லி ஆம்பியர், நான்கு மில்லி ஆம்பியர் என இரு அளவுகளில் மின்னோட்டம் செலுத்தப்பட்டது. பாதுகாப்பில் குறையில்லை. ஆனால், பயிற்சி தந்த பலனுக்கு மேல் மின்னோட்டம் எதையும் கூட்டவில்லை.

இந்த முடிவுகளைப் படிப்பவர் கவனிக்கத் தவறக்கூடாத ஒன்று உண்டு. 2018-ம் ஆண்டு ஆய்வில் இரு குழுக்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முன்னேறினர். பக்கவாதம் வந்து பல மாதங்கள் கடந்தவர்கள் அவர்கள். தாமாகத் தேறும் காலம் பெருமளவு கடந்துவிட்ட நிலையில் இரு குழுவினருக்கும் பொதுவாகக் கிடைத்தது ஒன்றே: பயிற்சி பெற்றவர் அருகில் இருந்து வாரக்கணக்கில் தந்த கைப்பயிற்சி. 'இயந்திரம் தோற்றது' என்று எழுதப்பட்ட செய்தியை, 'பயிற்சி தாக்குப்பிடித்தது' என்றும் படிக்கலாம்.

பயிற்சியே மருந்து

மூளை தன்னைத் தானே மாற்றி அமைத்துக்கொள்ளும் திறன் கொண்டது. சேதமுற்ற பாதைக்குப் பதிலாக மாற்றுப் பாதைகளை அது பழக்கிக்கொள்கிறது. ஆனால், அப்படிப் பழக்குவதற்கு அதே அசைவை நூற்றுக்கணக்கான முறை, நாள் தவறாமல், சற்றே கடினமாக்கிக்கொண்டே செய்ய வேண்டும். நலமான கையைக் கட்டிவைத்துவிட்டு, செயலிழந்த கையையே பயன்படுத்தச் செய்யும் முறையை அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டாப் உருவாக்கினார். 222 நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டு, அதன் பலன் ஓராண்டுக்கும் நிலைத்தது என்ற முடிவு 2006-ம் ஆண்டில் வெளியானது. அதற்குத் தேவைப்பட்டவை ஒரு கையுறை, இரண்டு வார காலம், நாள்தோறும் பல மணி நேரம் உடனிருக்கும் பயிற்சியாளர் ஆகியவையே. விரல்களை ஓரளவு அசைக்க முடிந்தவர்களுக்கே இம்முறை பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காந்தமோ மின்னோட்டமோ இந்தப் பயிற்சிக்கு முன்பாக மூளையைத் தயார் செய்யும் துணைக் கருவியே. உழுத நிலத்தில் விதைத்தால் பயிர் செழிக்கலாம். உழுதுவிட்டு விதைக்காமல் வந்தால் களைதான் முளைக்கும். பயிற்சி எதுவும் இல்லாமல், நோயாளியை நாற்காலியில் அமர்த்தி 20 நிமிடம் தூண்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பும் மையம், எந்தப் பெரிய ஆய்வும் சோதிக்காத ஒன்றை விற்கிறது.

இன்னொன்றும் உண்டு. மூளையிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் இயக்க நரம்புப் பாதை முற்றிலும் அறுபட்டவருக்கும், பகுதியளவு எஞ்சியுள்ளவருக்கும் பலன் ஒன்றாக இருக்காது. அந்தப் பாதை எஞ்சியிருக்கிறதா என்பதைக் கண்டறிய ஒற்றைக் காந்தத் துடிப்பே போதும். சுருளை வைத்ததும் விரல் தசையில் மின் அதிர்வு பதிவாகிறதா என்று பார்க்கலாம். யாருக்கு எவ்வளவு மீட்சி சாத்தியம் என்பதைச் சொல்லும் சோதனையாக இக்கருவிக்கு உள்ள பயன் குறைவானதல்ல. தலையில் உலோகப் பொருள் பொருத்தப்பட்டவர்கள், காதுக்குள் செவித்திறன் கருவி பதிக்கப்பட்டவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குக் காந்தத் தூண்டல் ஆபத்தாகலாம். இவற்றையெல்லாம் பரிசோதிக்காமல், வருபவர் அனைவருக்கும் ஒரே 'பேக்கேஜ்' விற்பது மருத்துவம் ஆகாது.

குடும்பத்தின் தலையில்

பயிற்சியே மருந்து என்றால் அந்த மருந்து இந்தியாவில் யாருக்குக் கிடைக்கிறது? பயிற்சி பெற்ற இயன்முறை சிகிச்சையாளர்கள், அதாவது பிசியோதெரபிஸ்டுகள், பெருமளவில் நகரங்களில்தான் இருக்கிறார்கள். மாவட்டத் தலைநகருக்கு வாரம் மூன்று முறை பேருந்தில் சென்று வருவது, தனியாக நிற்கக்கூட முடியாத ஒருவருக்கு நடைமுறையில் இயலாது. உடன் செல்பவரின் நாள் கூலியும் போகும்.

அப்படியானால் குடும்பத்தினருக்கே பயிற்சி அளித்து, வீட்டிலேயே செய்யச் சொன்னால் என்ன? செலவு குறைவான இந்த யோசனையை இந்திய மருத்துவர்களே சோதித்துப் பார்த்தார்கள். நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட 'அட்டென்ட்' ஆய்வின் முடிவு 2017-ம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளியானது. குடும்பத்தினர் பயிற்சி அளித்த குழுவிலும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவிலும், ஆறு மாதங்களுக்குப் பின் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருக்க நேர்ந்தவர்களும் சேர்ந்து 47 சதவீதமாகவே இருந்தனர். சிறிதும் வேறுபாடு இல்லை.

தில்லியில் கொள்கை வகுப்பவர்கள் இந்த முடிவை மேசையில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். அன்பும் அக்கறையும் உள்ள மனைவியோ மகளோ, பயிற்சி பெற்ற சிகிச்சையாளருக்கு மாற்றாகிவிட முடியாது. அரசு செய்ய வேண்டிய பணியைக் குடும்பத்தின் தலையில், குறிப்பாகப் பெண்களின் தலையில், ஏற்றிவிட்டு அதற்கு 'சமூகப் பங்கேற்பு' என்று பெயர் சூட்ட இந்த ஆய்வு இடம் தரவில்லை.

நாடாளுமன்றத்தின் 13 ஆண்டுகள்

இயன்முறை சிகிச்சைக்கு மத்திய சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை மிகப் பழையது. 2007-ம் ஆண்டு டிசம்பரில் துணை மருத்துவம், இயன்முறை சிகிச்சை ஆகியவற்றுக்கான மத்திய கவுன்சில்கள் மசோதா மக்களவையில் அறிமுகமானது. நிலைக்குழு அதைப் பரிசீலித்து 2008-ல் அறிக்கை அளித்தது. 2009-ல் மக்களவை கலைக்கப்பட்டதும் மசோதா காலாவதியானது. பின்னர் 2018-ம் ஆண்டின் கடைசி நாளில் மாநிலங்களவையில் புதிய மசோதா கொண்டுவரப்பட்டது. அதுவும் நிலைக்குழுவுக்குச் சென்றது. இறுதியில், திருத்தப்பட்ட மசோதா 2021-ம் ஆண்டு மார்ச் மாதம் இரு அவைகளிலும் நிறைவேறி, தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழிற்பணிகள் ஆணையச் சட்டம் ஆயிற்று.

முதல் மசோதாவுக்கும் சட்டத்துக்கும் இடையே 13 ஆண்டுகளுக்கும் மேல். அதன் பிறகும் விரைவு இல்லை. சட்டத்தின்படி மாநிலங்கள் தத்தம் கவுன்சில்களை அமைக்க வேண்டும். 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் இவ்வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, 14 மாநிலங்களே கவுன்சில்களை அமைத்திருந்தன என்பது தெரியவந்தது. அக்டோபர் 12-ம் தேதிக்குள் சட்டத்தைச் செயல்படுத்துமாறு நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

2025-ம் ஆண்டு செப்டம்பரில் இத்துறை மீண்டும் செய்திகளில் அடிபட்டது. காரணம், நோயாளிகள் அல்ல. இயன்முறை சிகிச்சையாளர்கள் தங்கள் பெயருக்கு முன் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் கடிதம் அனுப்பியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. பெயருக்கு முன் எந்த எழுத்து வர வேண்டும் என்பதில் இரு தரப்பும் காட்டிய வேகத்தில் ஒரு பங்கை, ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஒரு சிகிச்சையாளர் இருக்க வேண்டும் என்பதில் காட்டியிருந்தால் பயன் விளைந்திருக்கும்.

பதினைந்து நாள் காப்பீடு

2018-ம் ஆண்டு செப்டம்பர் 23-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஜன ஆரோக்கிய திட்டம், ஆயுஷ்மான் பாரத் என்று பரவலாக அறியப்படுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை அது ஏற்கிறது. 2024-ல் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. பக்கவாதம் தாக்கிய ஏழைக்கு மருத்துவமனையின் கதவைத் திறந்துவிட்ட திட்டம் இது என்பதில் ஐயமில்லை.

ஆனால், மருத்துவமனையை விட்டு வெளியேறிய பிறகு 15 நாள்கள் வரையிலான செலவுதான் இதில் அடங்கும். புற நோயாளிச் சிகிச்சை இத்திட்டத்துக்குள் வராது. பக்கவாதத்துக்குப் பின் உடல் இயக்கம் வேகமாக மீளும் காலம் முதல் மூன்று மாதங்கள். அதன் பிறகும் மீட்சி தொடர்கிறது. காப்பீடோ, பயிற்சி தொடங்கிச் சூடுபிடிக்கும் வேளையில் விடைபெற்றுக்கொள்கிறது. உயிரைக் காக்க லட்சக்கணக்கில் செலவிடும் அரசு, அந்த உயிர் எழுந்து நடக்கத் தேவையான சில ஆயிரங்களை மறுப்பது சிக்கனம் ஆகாது. படுக்கையில் கிடப்பவருக்குப் புண்ணும் நுரையீரல் தொற்றும் வந்து மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தால், அந்தச் செலவும் இதே கருவூலத்தில் இருந்துதான் போகிறது.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மறுவாழ்வுப் பணிகளை அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் மேற்கொள்ள வேண்டும் என்கிறது. ஆனால், 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டுள்ளது. அந்த ஒரு நிபந்தனைக்குள் எத்தனையோ கோரிக்கைகள் புதைந்துபோகின்றன.

வழி இருக்கிறது

மறுவாழ்வுச் சிகிச்சையை வீட்டுவாசலுக்குக் கொண்டு செல்வது இயலாத காரியம் என்று சொல்வதற்கில்லை. தமிழகத்தில் 2021-ம் ஆண்டு ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடிச் செல்கிறது. 2024-ல் ஐ.நா. அமைப்புகளின் விருது இதற்குக் கிடைத்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் மாதத்தில் எத்தனை மணி நேரப் பயிற்சி கிடைக்கிறது என்பதையும் பொதுவெளியில் வைத்தால் பிற மாநிலங்களுக்கு அது உண்மையான முன்மாதிரியாக அமையும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து கைப் பயிற்சிக்கான எளிய இயந்திரத்தை உருவாக்கியுள்ளன. தில்லி ஐ.ஐ.டி.யும் எய்ம்ஸும் மணிக்கட்டு, விரல் பயிற்சிக்கான கருவி ஒன்றைச் சேர்ந்து வடிவமைத்தன. அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை.

மூளைத் தூண்டலையும் இதே வழியில் இந்திய மண்ணிலேயே சோதித்தறிய முடியும். இதற்கு முன்னுதாரணமும் உண்டு. ஒரு காலத்தில், எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்கள் பக்கவாதத்தைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கை பரவலாக விற்கப்பட்டது. இந்தியாவின் ஐந்து மையங்களில் 120 நோயாளிகளிடம் அது முறையாகச் சோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது, ஆனால் பயன் இல்லை என்று 2014-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கசப்பான முடிவுதான். எனினும், எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் காக்கக்கூடிய முடிவு அது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் இயங்கும் பக்கவாத ஆய்வுக் கூட்டமைப்பு, 31 மையங்களில் 12 மொழிகளில் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தி 2023-ல் முடிவை வெளியிட்டிருக்கிறது. அத்தகைய அமைப்பைக் கொண்டு, விலை குறைந்த மின்னோட்டக் கருவியை முறையான பயிற்சியோடு இணைத்து மாவட்ட மருத்துவமனைகளில் சோதிக்கலாம். சிகிச்சையாளர்கள் குறைவாக உள்ள நாட்டில், ஒரு மணி நேரப் பயிற்சியின் பலனைச் சற்றேனும் கூட்டும் கருவி கிடைத்தால் அது பெரும் பேறு. அமெரிக்க ஆய்வுகளின் முடிவு ஊக்கம் தரவில்லை என்பதால் எதிர்பார்ப்பை அடக்கி வைத்துக்கொள்வது நல்லது. பயனில்லை என்று தெரியவந்தாலும் அதுவும் பயனுள்ள முடிவே. வாங்கக் கூடாத கருவியை அரசு மருத்துவமனைகள் வாங்காமல் இருக்கும்.

செய்ய வேண்டியவை

அரசின் முன் உள்ள பணிகள் நான்கு. முதலாவது, ஜன ஆரோக்கிய திட்டத்தில் பக்கவாத நோயாளிகளுக்கான 15 நாள் வரம்பை மூன்று மாதங்களாகவேனும் நீட்டித்து, புற நோயாளியாகவும் வீட்டிலும் பெறும் இயன்முறை சிகிச்சையை அதில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, 2021-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கவுன்சில்களை அமைத்ததோடு நிற்காமல், மாவட்டத்துக்கு எத்தனை சிகிச்சையாளர்கள் என்ற அளவுகோலை வகுத்து, பணியிடங்களை நிரப்ப வேண்டும். பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்பது மத்திய அரசு நிதி தருவதற்குத் தடையல்ல.

மூன்றாவது, மூளைத் தூண்டல் கருவிகளை எந்த நோயாளிக்கு, எந்தப் பயிற்சியோடு, யாருடைய மேற்பார்வையில் பயன்படுத்தலாம் என்ற வழிகாட்டுதலை வெளியிட வேண்டும். 2020-ம் ஆண்டு ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துகளுக்கான சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. ஆனால், கருவி தரமானது என்ற சான்று, அது இந்த நோயைத் தீர்க்கும் என்ற சான்று ஆகாது. இந்த வேறுபாடு நோயாளிக்குத் தெரிய வேண்டும். மருத்துவத் தொழில்நுட்பங்களின் செலவையும் பயனையும் மதிப்பிடுவதற்கென்றே சுகாதார ஆராய்ச்சித் துறையில் ஓர் அமைப்பு இருக்கிறது. இந்தக் கேள்வியை அதனிடம் ஒப்படைக்கலாம்.

நான்காவது, விளம்பரம். 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலைத் தந்திருக்கிறது. அதில் உடல் செயலிழப்பும் இடம்பெற்றுள்ளது. உடலின் இயக்கத்தைப் பாதிக்கும் நோக்கம் கொண்ட எந்தப் பொருளையும் 'மருந்து' என்று கொள்ளும் அளவுக்கு அச்சட்டத்தின் வரையறை விரிவானது. முதல் முறை மீறினால் ஆறு மாதச் சிறை வரை தண்டனை உண்டு. எழுபது ஆண்டுகளைக் கடந்த இச்சட்டம், தாயத்துக்கும் லேகியத்துக்கும் மட்டுமல்லாமல், பளபளக்கும் கருவிக்கும் பொருந்தும் என்பதை ஐயத்துக்கு இடமின்றித் தெளிவுபடுத்த வேண்டும்.

நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தின்போது புதிய மருத்துவக் கருவிகள் எத்தனை வாங்கப்பட்டன என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அமைச்சர்களும் எண்ணிக்கையோடு பதில் தருகிறார்கள். பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் எத்தனை பேருக்கு முதல் மூன்று மாதங்களில் பயிற்சி கிடைத்தது என்ற கேள்வியும் அங்கே ஒலிக்க வேண்டும். அதற்கு எண்ணிக்கையோடு பதில் சொல்ல முடிகிற நாளில், மூளைத் தூண்டல் கருவியை அரசு மருத்துவமனைகளில் வாங்கலாமா என்று விவாதிப்பதில் பொருள் இருக்கும். அதுவரை, இயந்திரத்தை நம்பி வீட்டையும் நகையையும் அடகு வைப்பவர்களைத் தடுக்கும் கடமையும், அவர்களுக்குரிய பயிற்சியைத் தரும் கடமையும் அரசுக்கு உண்டு. முதல் கடமையை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதைத் தள்ளிப்போட்டால், நோயாளியிடம் எஞ்சியிருந்த நம்பிக்கையையும் பறித்ததாகவே முடியும்.